பத்தரை ஆட்டம்

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

"அன்புள்ள" போடலாமா என்று யோசித்தேன். இந்தத் தடவை கிடையாது.

இரண்டு கல்லூரியிலும் எனக்குக் கணிதத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தலைகால் புரியாமல் உனக்கு எழுதினேன். அதற்கு ஒரு வாழ்த்து உண்டா? "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை? எடுத்த எடுப்பில் "என் கல்லூரிக்கு வராதே, பாலத்தடிக் கல்லூரியிலேயே சேர்ந்துகொள்" என்று எழுதியிருக்கிறாய். காரணம் வேறு அடுக்கியிருக்கிறாய். விடுதியில் ஏழு மணிக்கு மேல் வெந்நீர் வராதாம். நூலகத்தில் ஜன்னல் திறக்காதாம். கல்லூரி மேட்டின் மேல் இருப்பதால் ஏறி இறங்கியே முழங்கால் போய்விடுமாம். எனக்குப் பதினெட்டு வயது. முழங்காலைச் சொல்லி யாருக்குக் காது குத்துகிறாய்?

நீ இரண்டு வருஷமாக எழுதியதை நான் சொல்லட்டுமா? கதவு நிலையில் தலை இடித்துக்கொள்ளும் நெட்டை. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்யும் வக்கீல். முதல் வரிசையில் உட்கார்ந்தே தூங்கும் தூங்குமூஞ்சி. வயசுக்கு மீறி அறிவுரை சொல்லி, பெண்ணாக இருந்தும் சித்தப்பா என்று பெயர் வாங்கியவள். அப்புறம் அந்த இரட்டையர். இந்த ஆறு பேரோடு நீ சிரித்து வயிறு புண்ணான கதைகளை அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கடையில் சத்தமாகப் படிக்கிறார். அளவு கொடுக்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். பல் டாக்டர் தூங்குமூஞ்சியின் கட்சி. தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவதே இல்லை. வக்கீல் இந்த வாரம் என்ன சொன்னாள் என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுக்கிறார்.

கணிதம் வேண்டுமென்றால் மேட்டுக் கல்லூரி, கும்மாளம் வேண்டுமென்றால் பாலத்தடி என்று எங்கள் வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். மேட்டில் வகுப்புக்குப் பதினோரு பேர்தான். மூன்றாம் வருஷத்தில் எண் கோட்பாடு உண்டு. பாலத்தடியில் கணிதத் துறை மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது, நாடகக் குழுவுக்கு மட்டும் தனிக் கட்டடம். ஆனால் உனக்கு மேட்டிலேயே இரண்டும் கிடைத்திருக்கிறதே! நான் மட்டும் ஏன் ஒன்றோடு நிற்க வேண்டும்? உன் கூட்டத்தில் பங்குக்கு வந்துவிடுவேன் என்று பயமா? சின்ன வயதில் ஜன்னலோர இருக்கையை விட்டுக் கொடுக்க மாட்டாய். இப்போது ஒரு கல்லூரியையே விட்டுக் கொடுக்க மாட்டாயா?

மே இருபதுக்குள் ஒரு கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்குள் நிஜக் காரணத்தை எழுது.

வாலு

ஏப்ரல் 15

வாலுக்கு,

வாழ்த்து. கெட்டிக்காரிதான். புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று எழுதாமல் விட்டேன். அதற்கு இவ்வளவு குதி குதிக்க வேண்டாம்.

காரணம் கேட்டாய். வெந்நீர் ஒரு காரணம்தான். நீ வந்து குளித்துப் பார்த்துவிட்டுப் பேசு. இன்னொன்று, நீ மனிதர்கள் இல்லாமல் இருக்க மாட்டாய். உனக்குக் கடைவீதியில் நான்கு பேரோடு நின்று பேசாவிட்டால் சாப்பாடு இறங்காது. பாலத்தடியில் நாடகம் இருக்கிறது, பந்து விளையாட்டு இருக்கிறது, ஓர் அறைக்கு ஆறு பேர் இருக்கிறார்கள். கணிதம் எங்கே படித்தாலும் கணிதம்தான். புத்தகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

என் தோழிகளை உன் தோழிகள் ஆக்கிக்கொள்ளலாம் என்று நினைத்து வராதே. அவர்கள் எல்லாரும் என் வயசு. உன்னைச் சின்னப்பெண் என்று ஒதுக்குவார்கள். அப்புறம் அதற்கும் என்னோடுதான் சண்டைக்கு வருவாய்.

அப்பாவிடம் இரண்டு விஷயம் சொல். என் கடிதங்கள் வீட்டுக்கு எழுதியவை, கடைக்கு எழுதியவை இல்லை. பல் டாக்டருக்குப் பொழுது போகவில்லை என்றால் பல் பிடுங்கட்டும். இரண்டாவது, நெட்டைக்கு இன்னொரு சட்டை தைக்க வேண்டாம். அவள் வேறு ஊருக்குப் போகப் போகிறாள்.

விடுதித் தொலைபேசிக்குக் கூப்பிடாதே. மூன்று நிமிஷம்தான் கொடுப்பார்கள், பின்னால் பதினைந்து பேர் நின்றுகொண்டு கேட்பார்கள்.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

உன்னை உன் வாயாலேயே மடக்கலாம் என்று உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேட்டுக் கல்லூரியைப் பற்றி நீ புகழ்ந்த வரிகளை அடிக்கோடிட்டு உனக்கே திருப்பி அனுப்புவதாக யோசனை. மடக்கிவிட்டேன். ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

போன அக்டோபர் கடிதம். மழை பெய்துகொண்டே இருந்ததால் நீங்கள் ஏழு பேரும் டேபிள் டென்னிஸ் ஆடினீர்கள். ஒற்றையர் ஆட்டம் மட்டும். வெளியாட்களைச் சேர்க்கவில்லை. "யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று ஆளுக்குச் சரியாக மூன்று ஆட்டம் ஆடினோம்" என்று எழுதியிருக்கிறாய். அப்பா அந்த வரியை இரண்டு தடவை படித்தார், எவ்வளவு நியாயமான பிள்ளைகள் என்று.

ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர், அக்கா. ஏழு பேர் ஆளுக்கு மூன்று என்றால் இருபத்தொன்று. அதை இரண்டால் வகு. பத்தரை ஆட்டம்! அந்த அரை ஆட்டத்தை யார் ஆடினீர்கள்? தூங்குமூஞ்சி சுவரோடு ஆடினாளா?

முதலில் சிரித்தேன். தப்பாக எழுதிவிட்டாய், தேடினால் சரியாகிவிடும் என்று மற்ற கடிதங்களையும் பார்த்தேன். இரட்டையரில் ஒருத்திக்கு நவம்பரில் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறீர்கள், மற்றவளுக்குப் பிப்ரவரியில். அவர்கள் அம்மா பாவம். வக்கீலுக்கு முதல் வருஷம் அண்ணன் இருக்கிறான், இரண்டாம் வருஷம் அவள் ஒரே பெண். அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

நெட்டைக்கு அப்பா தைத்து அனுப்பிய சட்டை நினைவிருக்கிறதா? கதவு நிலை உயரத்தை வைத்துக் கை நீளம் கணக்குப் போட்டு, இருப்பதிலேயே நல்ல துணியை எடுத்துத் தைத்தார். நீ பதில் எழுதினாய், "அருமையாக இருக்கிறது, தோள்பட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கம்" என்று. மனுஷன் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. "என் அளவு தப்பாதே, எங்கே விட்டேன்?" என்று துண்டுத் துணியை வைத்துக்கொண்டு மடித்து மடித்துப் பார்த்தார். அந்தத் தோள்பட்டை இருக்கிறதா இல்லையா? அதை மட்டும் எனக்குச் சொல்.

வாலு

ஏப்ரல் 24

வாலுக்கு,

அன்று எட்டுப் பேர் ஆடினோம். ஒருத்தியை எழுத மறந்துவிட்டேன். எட்டு மூன்று இருபத்துநான்கு, பன்னிரண்டு ஆட்டம். கணக்குச் சரியாகிவிட்டதா?

தேர்வு நெருங்குகிறது. இனி எனக்கு எழுதாதே.

அக்கா

மே 1

அக்காவுக்கு,

எழுதுவேன்.

போன வாரம் உங்கள் கல்லூரியில் பார்வையாளர் நாள். இடம் கிடைத்தவர்கள் வந்து பார்க்கலாம் என்று எனக்கும் அழைப்பு வந்திருந்தது. நீ அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்தேன்.

முதலில் வகுப்பைச் சொல்கிறேன். வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு பேராசிரியை வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பகா எண்கள் ஏன் தீர்ந்துபோகாது என்று கரும்பலகையில் ஆறே வரி எழுதிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது முன்பே தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனாலும் உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த அம்மாவிடம் மூன்று வருஷம் படித்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. அந்த நிமிஷம் நான் உன் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன்.

அப்புறம் சாப்பாட்டுக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

நீ கடைசி மேஜையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். தண்ணீர்க் குவளையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்திருந்தாய். உன் மேஜையில் ஏழு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து மேஜையில் இடம் இல்லாமல் ஒருத்தி நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். உன் மேஜையிலிருந்துதான் இழுத்தாள். உன்னைக் கேட்கவில்லை. நீயும் நிமிரவில்லை.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. தட்டு வாங்கி வைக்கும் அம்மாவிடம் போய், "அந்தப் பொண்ணு எப்பவும் யாரோட உட்காருவாங்க?" என்று கேட்டேன்.

"அதுவா? வந்த நாள்லேர்ந்து அந்த மூலைதான். நல்ல பொண்ணு. தட்டைத் தானே கழுவி வச்சிட்டுப் போயிடும்" என்றார்.

தூண் பக்கமாக நின்று நீ சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்தேன். நீ தட்டைக் கழுவி வைத்தாய். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எங்களிடம் சொன்னால் என்ன? நாங்கள் என்ன கேலியா செய்வோம்? இரண்டு வருஷம் எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு நீ அங்கே சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறாய். எங்களைப் பற்றி நீ என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

வாலு

மே 6

வாலுக்கு,

என்னை ஒளிந்து நின்று பார்த்தாயா? தூணுக்குப் பின்னால்? நான் என்ன கூண்டில் இருக்கிற மிருகமா? "அக்கா" என்று ஒரு வார்த்தை கூப்பிட உன் வாயில் என்ன அடைத்திருந்தது? உலகமெல்லாம் வாயடிப்பாயே! நீ கூப்பிட்டிருந்தால் அன்றைக்கு ஒரு நாளாவது அந்த மேஜையில் இரண்டு பேர் சாப்பிட்டிருப்போம். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, கேள். நெட்டை இல்லை. வக்கீல் இல்லை. யாரும் இல்லை. போதுமா?

முதல் வாரத்தில் ஒருத்தி கரும்பலகையில் போட்ட நிரூபணத்தில் பிழை இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இது எட்டாம் வகுப்புத் தப்பு" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. போய் மன்னிப்புக் கேட்க வெட்கம். அவர்களும் வரவில்லை. இங்கே ஆளுக்கு ஓர் அறை, கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். பதினோரு பேருக்கும் மாதாமாதம் தரவரிசை ஒட்டுவார்கள். யாரும் யாருக்கும் நோட்டுக் காட்ட மாட்டார்கள். ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று, மாதம் வருஷம் ஆயிற்று.

முதல் கடிதத்தில் எழுத ஒன்றும் இல்லாமல், நிலைப்படியில் தலை இடித்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். அவளை நடைபாதையில் பார்த்ததுதான், பெயர்கூடத் தெரியாது. அப்பா பதில் போட்டார், கடையே சிரித்ததாம், நெட்டை நலமா என்று விசாரித்து வேறு. அடுத்த கடிதத்தில் அவளைக் கொன்றுபோட முடியுமா? ஒருத்தி இரண்டாகி, இரண்டு ஆறானது. சட்டை என் பெட்டிக்கு அடியில் மடித்தபடி இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கத் தைரியமில்லை. அந்தத் தோள்பட்டை இருக்கிறதா என்று கேட்டாய். இல்லை. இறுக்கம் என்று ஏன் எழுதினேன் என்றால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எழுதினால் நம்ப மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

வராதே என்று எழுதியது, நீ வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றுதான். இப்போதுதான் தெரிந்துவிட்டதே. இனி என்ன? வா. அந்தப் பேராசிரியைதான் மூன்றாம் வருஷத்துக்கு எண் கோட்பாடு எடுக்கிறார். நேற்று அலுவலகத்தில் இரண்டு பேருக்கான அறை கேட்டு, உன் பெயரையும் என் பெயரையும் போட்டு மனு கொடுத்துவிட்டேன். கிழக்குப் பார்த்த அறை. இரண்டு மேஜை போடலாம்.

அப்பாவிடம் சொல்லாதே.

அக்கா

மே 13

அக்காவுக்கு,

என்னைக் கேட்காமல் என் பெயரில் மனுவா? ஒரு மாதத்துக்கு முன்னால் வராதே என்றாய், என்னைக் கேட்கவில்லை. இப்போது வா என்கிறாய், அப்போதும் கேட்கவில்லை. நான் என்ன உன் அறைக்கு வாங்கிப் போடும் இரண்டாவது மேஜையா?

பாலத்தடிக் கல்லூரிக்கும் போய்ப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நீ கற்றுக்கொள். கணிதத் துறை நிஜமாகவே மாடிப்படிக்குக் கீழேதான். மேலே யாராவது இறங்கினால் கரும்பலகை அதிர்கிறது. நான்கு ஆசிரியர்கள். ஒருவருக்குப் பாதியில் சூத்திரம் மறந்துவிட்டது, மாணவிகள் எடுத்துக் கொடுத்தார்கள், அவர் சிரித்துக்கொண்டே "நன்றிம்மா" என்றார். எண் கோட்பாடு உண்டா என்று கேட்டேன். "அதுக்கு ஆள் இல்லைம்மா, மேட்டுலதான் உண்டு" என்றார். படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நாடகத்துக்கு யார் திரை இழுப்பது என்று சண்டை. நான் நின்று வேடிக்கை பார்த்தேன். "சும்மாதானே நிக்கற, நீ இழு" என்றாள் ஒருத்தி. இழுத்தேன்.

நேற்று பாலத்தடிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் உன் மாதிரி சுற்றி வளைக்கத் தெரியவில்லை. எனக்கு வேண்டியது மேடுதான். அந்த ஆறு வரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் அந்த மேஜையில் உன்னைப் பார்த்துவிட்டுப் பயந்துவிட்டேன். நீ என்னைவிடப் பொறுமைசாலி. நீயே இப்படி ஆனாய் என்றால் நான் என்ன ஆவேன்? நான் வந்தால் நீ என்னோடு உட்காருவாய், நான் உன்னோடு உட்காருவேன், இரண்டு பேரும் சேர்ந்து சுவரைப் பார்ப்போம். ஒரு வருஷத்தில் நீ படித்து முடித்துவிட்டுப் போவாய். அப்புறம் நானும் வீட்டுக்கு ஒரு நெட்டையைப் பற்றி எழுத ஆரம்பிப்பேன்.

அங்கே பார்த்ததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் பார்வையாளர் நாளன்று திரும்பி வந்ததும், "அவ ஒழுங்காச் சாப்பிடறாளாடி? அதை மட்டும் சொல்லு" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால், அப்பா உன் கடிதங்களைப் படிக்கும்போது அம்மா ஒரு நாளும் சிரித்ததில்லை. அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

வாலு

மே 16

வாலுக்கு,

அந்தப் பழியை என் தலையில் கட்டாதே!

நான் தனியாகச் சாப்பிட்டது என் பாடு. அதைப் பார்த்துப் பயந்து நீ கணிதத்தைக் குறைத்துக்கொண்டாய் என்றால், என் இரண்டு வருஷத்தோடு உன் மூன்று வருஷத்தையும் நான் தின்றதாக ஆகிவிடும். நீ என்னைவிடக் கெட்டி. எனக்கு ஒரு மாதம் பிடித்ததை நீ ஒரு மதியத்தில் போட்டுவிடுவாய், கேலியாகச் சிரிப்பாய், நான் தலையணையை எடுத்து அடிப்பேன். இது நமக்குள் இருக்கிற விஷயம், யாரிடமும் நான் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது எழுதியே கொடுக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஆசிரியருக்குச் சூத்திரம் எடுத்துக் கொடுக்கவா நீ பிறந்தாய்?

இருபதாம் தேதி வரை நேரம் இருக்கிறது. மாற்று. மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். நீ வேறு மாடியில் அறை எடு. என் மேஜைக்கு வர வேண்டாம். என்னைத் தெரியாது என்றே சொல். ஆனால் வந்து படி.

அப்பாவுக்கு எல்லாவற்றையும் தனியாக எழுதிவிட்டேன். கடையில் படித்தால் படிக்கட்டும்.

அக்கா

மே 27

அக்காவுக்கு,

இருபதாம் தேதி போய்விட்டது. நான் மாற்றவில்லை. மூன்று நாள் கல்லூரியை மாற்றக் கேட்டுக் கடிதம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன், அது உனக்குத் தெரிந்திருக்கட்டும். நீ எழுதியே கொடுத்த அந்த வரிகளைப் படித்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன், அதுவும் தெரிந்திருக்கட்டும். ஆனால் பயம் போகவில்லை. பயத்தோடு வந்து படிக்க எனக்குத் தெரியாது.

இனி அப்பா கதை. உன் கடிதம் வந்தபோது நான் பொத்தான் தைத்துக்கொண்டு கடையில்தான் இருந்தேன். பல் டாக்டர், தபால்காரர், இன்னும் இரண்டு பேர். அப்பா வழக்கம்போல் மெஷினை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, "அன்புள்ள அப்பாவுக்கு" என்று குரலெடுத்துப் படித்தார். இரண்டாவது வரியில் குரல் நின்றுவிட்டது. மனதுக்குள் கடைசி வரை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னாச்சு, வக்கீல் என்ன சொல்றா?" என்றார் தபால்காரர்.

"எல்லாரும் பரீட்சைக்குப் படிக்கறாங்களாம். தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார் அப்பா.

"நெட்டை?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

பார்த்தாயா நீ செய்து வைத்த வேலையை! இப்போது அப்பாவும் புளுக ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் போன பிறகு என்னிடம், "அப்போ அந்தத் தோள்பட்டை இறுக்கம்?" என்று கேட்டார்.

"அதுவும் பொய்ப்பா."

"சட்டையில குறைன்னு எழுதினதுக்கு, சாப்பாட்டுல குறைன்னு எழுதியிருக்கலாம். ஓடியாவது போயிருப்பேன்" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. தேர்வு முடிந்து வரும் பத்து நாள் விடுமுறைக்கும் வர மாட்டேன் என்று நீ அதே கடிதத்தில் எழுதியதற்குத்தான் இன்றைக்குக் கத்தினார்.

எனக்கு ஜூன் பத்தில் வகுப்பு. ஓர் அறைக்கு ஆறு பேர். எண் கோட்பாட்டில் என்ன நடத்துகிறார்கள் என்று மட்டும் எனக்கு எழுதாதே. தாங்காது.

வாலு

ஜூன் 29

வாலுக்கு,

எழுதாதே என்றால் கேட்பது நம் வீட்டு வழக்கம் இல்லை. எண் கோட்பாடு முதல் இரண்டு வாரப் பாடம், பன்னிரண்டு பக்கம், இதோடு இருக்கிறது. இனி ஒவ்வொரு வாரமும் வரும். நீ பயந்துகொள், பாலத்தடியில் இரு, நாடகத்துக்குத் திரை இழு. ஆனால் இந்தப் பாடத்தைக் கைவிட உன்னை நான் விட மாட்டேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் நேரில் வந்து உன் ஆறு தோழிகள் முன்னால் மானத்தை வாங்குவேன்.

நீ பார்த்து மயங்கினாயே, அந்தப் பேராசிரியை அன்று விருந்தாளிகளுக்காக நிதானமாக எழுதினார். வகுப்பில் அப்படி இல்லை. வலக்கையால் எழுதிக்கொண்டே போவார், பின்னாலேயே இடக்கையால் அழித்துக்கொண்டே வருவார். இந்த மூலையில் எழுதியதை நாம் முடிப்பதற்குள் அந்த மூலைக்குப் போய்விடுவார். ஒரு ஆளால் முழுவதையும் எழுதவே முடியாது. பதினோரு பேரிடமும் பதினோரு அரைகுறை நோட்டு இருக்கிறது, ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். எனக்காக என்றால் நானும் அரைகுறையோடு இருந்திருப்பேன். உனக்கு அனுப்பப் போகிறேன் என்ற பிறகு அதெப்படி முடியும்? ஓர் எழுத்து விட்டாலும் கண்டுபிடித்து மானத்தை வாங்குவாய்.

மூன்றாவது வகுப்பன்று பக்கத்து இருக்கைக்காரியிடம், "நீ இடது பாதியை எழுது, நான் வலது பாதியை எழுதறேன். அப்புறம் ஒண்ணா சேர்த்துக்கலாம்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்குப் பேச வருமா?" என்றாள்.

"ஏன் வராது?"

"ரெண்டு வருஷமா எங்க யாரையும் உனக்குப் பிடிக்கலைன்னுல்ல நினைச்சோம். சாப்பிடும்போதுகூடப் புஸ்தகத்தைத் தூக்கி மறைச்சு வச்சுப்பே."

எனக்கு வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! இரண்டு வருஷம்! "பிடிக்கலைன்னு நீங்களா நினைச்சா ஆச்சா? கதவைத் தட்டிக் கேக்கறதுக்கு ஒருத்திக்கும் கை இல்லையா?" என்று கத்திவிட்டேன். பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பெண் அசரவில்லை. "உனக்கும் ரெண்டு கை இருக்கே" என்றாள்.

வகுப்பு முடிந்ததும் நடைபாதையில் தரையில் உட்கார்ந்து இரண்டு பாதியையும் சேர்த்தோம். முடியவே மூன்று மணி ஆகிவிட்டது, சாப்பாட்டுக்கூடத்தைச் சாத்திவிட்டார்கள். அவளிடம் இருந்த ரொட்டியைத் தின்றோம். இவளைப் பற்றி வேடிக்கையாக எழுத ஒன்றுமே இல்லை. நிரம்பப் பேச மாட்டாள், பென்சிலைக் கடிப்பாள், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இடது பாதி அவளுடையது, நீயே பார்.

அப்பாவுக்கும் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் வருகிறேன். என்ன வேண்டுமானாலும் கத்தட்டும்.

ஏழாம் பக்கத்தில் மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. அவள் ஒன்று சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன். நான்கு நாளாகச் சண்டை. "என் தங்கச்சியைக் கேட்கலாம்" என்றேன். "அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் வருஷம்தானே?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ சும்மா விடக்கூடாது. உடனே பதில் போடு. இரண்டு பேரும் தினமும் போய்த் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

அக்கா